காரின் இண்டிகேட்டர், பிரேக் விளக்குகளை நானே எல்இடிக்கு மாற்றலாமா?

கேட்கப்பட்டது இதுதான்: பத்து ஆண்டுப் பழைய சிறிய கார் ஒன்றில் இண்டிகேட்டர், பிரேக் பல்புகளை எல்இடியாக மாற்றி, முன் பம்பரில் டிஆர்எல் எனப்படும் பகல் விளக்குப் பட்டைகளையும் பொருத்த வேண்டும், வயரிங் வேலையை வீட்டிலேயே செய்யலாமா, எலக்ட்ரீஷியனிடம்தான் விட வேண்டுமா?

நான் தொழில்முறை எலக்ட்ரீஷியன் அல்லன். என் சொந்தக் காரில் இந்த மூன்று வேலைகளையும் செய்து, இரண்டில் கையைச் சுட்டுக்கொண்டவன் என்ற தகுதியில்தான் பதில் எழுதுகிறேன். மல்டிமீட்டரைப் பிடிக்கத் தெரிந்து, வயரை வெட்டுவதற்கு முன் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும் பொறுமையும் இருந்தால் நீங்களே செய்யலாம். ஆனால் ஒன்றை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். எல்இடி குறைந்த மின்சாரம் எடுக்கிறது என்று நாம் எதை மெச்சுகிறோமோ, அதுவேதான் பழைய காரில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம்.

இண்டிகேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு 21 வாட் பல்பு, பின்னால் ஒரு 21 வாட் பல்பு, பக்கவாட்டில் ஒரு 5 வாட் பல்பு என ஒரு பக்கத்துக்கு 47 வாட் சுமை இருக்கும் என்ற கணக்கில்தான், விளக்கை விட்டு விட்டு எரியவைக்கும் ஃபிளாஷர் ரிலே அமைக்கப்பட்டிருக்கிறது. ஒரு பெரிய பல்பு ஃபியூஸ் போனால் சுமை குறைந்ததை உணர்ந்து, அது இரு மடங்கு வேகமாக 'டிக் டிக்' என்று அடித்து ஓட்டுநருக்குத் தெரிவிக்கிறது. நீங்கள் மூன்று வாட் எல்இடிகளை மாட்டியதும், எல்லாப் பல்புகளும் போய்விட்டன என்றே அது முடிவு செய்து படபடவென்று அடிக்கத் தொடங்கும். பல்பில் கோளாறு எதுவும் இல்லை. ரிலே தன் வேலையைச் சரியாகவே செய்கிறது.

இதற்குக் கடைக்காரர்கள் கையில் கொடுப்பது தங்க நிற உறையிட்ட 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் எனப்படும் மின்தடை. எல்இடிக்கு இணையாக இதை இணைத்தால் வேகம் இயல்பு நிலைக்கு வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் இன்ஜின் ஓடும்போது 13.5 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், அதன் வழியே 2.25 ஆம்பியர் பாய்ந்து, விளக்கு எரியும் கணங்களில் 30 வாட் வெப்பம் வெளிப்படுகிறது. 21 வாட் பல்பைக் கழற்றிவிட்டு அதைவிட அதிகம் விழுங்கும் அடுப்பு ஒன்றை டிக்கிக்குள் வைத்திருக்கிறோம் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. வெற்றுத் தகட்டில் திருகி இறுக்க வேண்டிய அதனை, துளை போடச் சோம்பல்பட்டு, டிக்கியின் உள் உறைக்குப் பின்னால் கேபிள் டையால் கட்டி வைத்தேன். ஒரு மாலை நெடுஞ்சாலையோரம் பஞ்சரான டயரை மாற்றும்போது நான்கு மூலை இண்டிகேட்டர்களும் சேர்ந்து அடிக்கும் ஹசார்டைப் போட்டுவிட்டு இருபது நிமிடங்களுக்கு மேல் நின்றேன். ஸ்டெப்னியை எடுக்க டிக்கியைத் திறந்தபோது இல்லாத நாற்றம், பஞ்சரான டயரை உள்ளே வைக்கும்போது இருந்தது. உறையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பழுப்பாகச் சுருங்கிய குழி விழுந்து, கேபிள் டை மெழுகுபோல் இளகித் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே ரெசிஸ்டரை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஃபிளாஷர் ரிலே தனியாகக் கழற்றக்கூடியதாக இருந்தால், சுமையைப் பொருட்படுத்தாமல் ஒரே வேகத்தில் அடிக்கும் எல்இடி ஃபிளாஷரை வாங்கி மாற்றுவதே முறையான வழி. வாங்கும்போது பழையதைக் கையில் எடுத்துச் சென்று, கால்களின் எண்ணிக்கையோடு எந்தக் கால் எதற்கு என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விளக்குகளைக் கணினிப் பெட்டியே இயக்கும் புதிய கார்களில் இது செல்லாது. அவற்றில் பல, விளக்கு அணைந்திருக்கும்போதும் பல்பு உயிரோடு இருக்கிறதா என்று சிறு மின் துடிப்புகளை அனுப்பிச் சோதிக்கின்றன. இழைப் பல்பு அந்தத் துளி மின்சாரத்தில் சூடுகூட ஆகாது. எல்இடியோ இரவில் பேய் விளக்குபோல மினுக்கிக்கொண்டிருக்கும். அத்தகைய காரில் வயரிங் ஹார்னஸ் எனப்படும் வயர்க் கட்டைத் தொடாமல் இருப்பதே நல்லது.

மின்சாரம் காரின் தகடு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பான எர்த் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் இரண்டாவது தவறு அங்கேதான் நடந்தது. டெயில் லாம்ப் தொகுப்பில் பிரேக், பார்க்கிங், இண்டிகேட்டர் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே எர்த் வயர்தான் இருக்கும். அது துருப்பிடித்தாலோ தளர்ந்தாலோ, ஒரு விளக்கின் மின்சாரம் மற்றொரு விளக்கின் வழியாகத் திரும்பிப்போக வழி தேடும். பல்பு இருந்த காலத்தில் இந்தக் குறை ஒளி சற்று மங்குவதோடு நின்றுவிடும், நாமும் கவனிக்க மாட்டோம். சில மில்லி ஆம்பியரிலேயே ஒளிரும் எல்இடி வந்ததும், பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் லேசாக எரிகிறது என்பதுபோன்ற விசித்திரங்கள் வெளிப்படும். நான் புதிதாக இழுத்த எர்த் வயரைப் பெயிண்டின் மேலேயே திருகியிருந்தேன். திருகின் மரை வழியாகக் கிடைத்த தொடர்பு முதல் மழை வரை தாங்கியது. பெயிண்டைச் சுரண்டி, தகடு பளிச்சென்று தெரிந்த பிறகு வளைய டெர்மினல் வைத்து இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவ வேண்டும்.

டிஆர்எல் பட்டைக்கு வருவோம். நேராக பேட்டரியிலிருந்து எடுத்தால், இரண்டு பட்டைகளும் சேர்ந்து அரை ஆம்பியர்தான் என்றாலும், அணைக்க மறந்த ஒரு நாளில் 12 ஆம்பியர்-மணி போய்விடும். சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்றாம் நாள் காலையில் ஸ்டார்ட் ஆகாது. இக்னிஷன் போட்டால் மட்டும் உயிர்பெறும் ஃபியூஸ் ஒன்றை மீட்டரால் கண்டுபிடித்து, அதிலிருந்து தனியாக 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக மின்சாரம் எடுங்கள். அதை, மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ஐந்து கால் ரிலேயின் 30-ஆம் எண் காலில் கொடுத்து, பட்டையை 87ஏ காலில் இணையுங்கள். 86-இல் பார்க்கிங் விளக்கின் வயர், 85-இல் எர்த். பகலில் ரிலே சும்மா இருக்கும்போது பட்டை எரியும்; பார்க்கிங் விளக்கைப் போட்டதும் ரிலே இழுத்துப் பட்டையை அணைத்துவிடும். இரவில் எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்பதால் இது தேவை.

'எல்இடிதானே, சின்ன மின்சாரம், எதற்கு ஃபியூஸ்?' என்று கேட்பவர்கள் உண்டு. ஃபியூஸ் விளக்கைக் காப்பதற்காக அல்ல, வயரைக் காப்பதற்காக. இன்ஜின் அறையில் வயர் உராய்ந்து தகட்டைத் தொட்டுவிட்டால், மறுமுனையில் இருப்பது மூன்று வாட் விளக்கா முப்பது வாட் விளக்கா என்பதற்குப் பொருளே இல்லை. பேட்டரி தன்னால் முடிந்ததையெல்லாம் அந்த வயரில் கொட்டும். மற்றபடி, வயரைக் கடித்துப் பிடிக்கும் நீல நிற கிளிப்புகளைப் பம்பருக்குள் பயன்படுத்தாதீர்கள். தண்ணீர் புகுந்து பச்சை பூத்துவிடும். சாலிடர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். மஞ்சள் உறையிட்ட வயர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றின் அருகே டெஸ்ட் லாம்பைக்கூடக் கொண்டுபோகாதீர்கள்.

விலை மலிவான பட்டைகள் சில மாதங்களில் ஒவ்வொரு துண்டாக அணைவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று எல்இடிகள் தொடராக ஏறத்தாழ 9 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, மீதி 3 வோல்ட்டை ஒரு சிறு ரெசிஸ்டர் தாங்கும்படி 12 வோல்ட்டுக்கு அமைக்கப்பட்ட பட்டை அது. கார் ஓடும்போது 14.4 வோல்ட் வந்தால் அந்த ரெசிஸ்டரின் மேல் 5.4 வோல்ட் விழுகிறது. மின்சாரம் ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. உள்ளே மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் உள்ள பட்டையை வாங்குங்கள்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. முன்னால் சிவப்பும் நீலமும், எங்கும் நிறம் மாறி மினுக்கும் விளக்கும் வேண்டவே வேண்டாம்.

பிரேக் விளக்கைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. எல்இடி, இழைப் பல்பைவிட ஏறத்தாழ 0.2 வினாடி முன்னதாக முழு ஒளிக்கு வந்துவிடும். 100 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருபவருக்கு அது ஐந்தரை மீட்டர் கூடுதல் தூரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 21/5 வாட் இரட்டை இழைப் பல்புக்குப் பதிலாக விற்கப்படும் பல எல்இடிகளில் பார்க்கிங் ஒளிக்கும் பிரேக் ஒளிக்கும் வேறுபாடு போதுமானதாக இல்லை. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்இடியை மாட்டினால் இன்னும் மோசம்: அதன் ஒளியில் சிவப்புப் பங்கு குறைவு என்பதால் பெரும்பகுதி கண்ணாடியிலேயே நின்றுவிடும். சிவப்பு எல்இடியாகவே வாங்கி மாட்டி, மாலை மங்கும் நேரத்தில் ஒருவரை உள்ளே உட்காரவைத்து, பார்க்கிங் விளக்கு எரியும்போது பிரேக்கை மிதிக்கச் சொல்லி, இருபது மீட்டர் பின்னால் போய் நின்று பாருங்கள். நான் வாங்கிய இரண்டு ஜோடிகளிலும் மிதித்தது எப்போது, விட்டது எப்போது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் காரில் பிரேக்குக்கு இன்றும் பழைய இழைப் பல்புதான் எரிகிறது.