இரணைமடுக் குளக்கட்டில் எடுத்த உங்கட பகிடிக் காதல் படப் போஸ்டர் ஏன் சோகப்படம் மாதிரித் தெரியுது?

கறுப்பு நிழலுருதான் காரணம், எழுத்துரு இல்லை. பகிடிக் காதல் படத்துக்கு ஆக்கள் "ஆர் சாகிறது?" என்று கேட்கினம் என்றால், குளக்கட்டில் பொழுதுபடேக்க எடுத்த அந்தப் படத்தில் இரண்டு முகமும் தெரியாததாலதான். பகிடி முகத்தில்தான் இருக்கு. முகத்தை மறைத்து வானத்தைப் பெரிதாக்கினால் பிரிவு, காத்திருப்பு என்றுதான் விளங்கும்.

இந்த வகைக்கு ஒரு வழமை இருக்கு: வெளிர் பின்னணி, தடித்த சிவப்பு எழுத்து, முதுகோடு முதுகு சாய்ந்த சோடி. 1990இல் வந்த 'பிரிட்டி வுமன்' என்ற ஹொலிவூட் பகிடிக் காதல் படப் போஸ்டரில் கதாநாயகி நாயகன்ர கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுக்கிறாள். முதுகைக் காட்டுறது சண்டை, சாயிறது காதல். இரண்டும் ஒரே படத்தில். உங்கட சோடிக்கும் ஒரு இழுபறி வேணும். அதே குளக்கட்டில் ஒரு சைக்கிளுக்கு அடிபடுற மாதிரி எடுத்தாலே காணும்.

சோதிக்க: போனில் நக அளவுக்குச் சுருக்கி, தலைப்பை மறைத்து, கதை தெரியாத ஒராளிட்டக் காட்டுங்கோ. "என்ன சண்டை?" என்று கேட்டால் சரி.

ஆனால் வெள்ளைப் பின்னணியில் முகங்களை வட்டத்துக்குள் போட்டு, கீழே பூவும் வைக்காதேங்கோ. எங்கட பக்கம் அது கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ். பரந்தன் சந்தி மதிலில் அதுகளுக்குப் பக்கத்தில்தானே ஒட்டப்போறீங்கள்!

இரண்டாம் பாதி உண்மையிலேயே அழுகை என்றால் இருக்கிற போஸ்டரை மாத்த வேண்டாம்.

வெயிலுக்குச் சிவப்பும் மஞ்சளும் முதல் வெளிறி நீலம் மிஞ்சும். படம் காட்டுற நாளுக்குக் கிட்டவா ஒட்டுங்கோ.