சொரியாசிஸில் மரபணுப் பிழை தோல் செல்லுக்குள் எதை மாற்றுகிறது?

தோலில் செதில்கள் குவியும் சொரியாசிஸ், நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கோளாறு என்றால், தோல் செல்லின் மரபணுவுக்கு அதில் என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. கார்டு14 மரபணுவை எடுத்துக்கொள்வோம். தலைமுறைதோறும் சொரியாசிஸ் வந்த சில குடும்பங்களில் இந்த மரபணுவில் பிழை இருப்பது 2012இல் வெளியானது.

இது உருவாக்கும் புரதம் மேல்தோல் செல்களில் இருக்கிறது. இயல்பாகத் தன்மேலேயே மடங்கி, பூட்டிய நிலையில் அடங்கிக் கிடக்கும். மரபணுப் பிழையால் அதன் சில இடங்களில் ஒரேயொரு அமினோ அமிலம் (புரதத்தின் கட்டுமானக் கூறு) மாறினாலே பூட்டு தளர்ந்துவிடுகிறது. பிறகு அது பிசிஎல்10, மால்ட்1 புரதங்களோடு சேர்ந்து, என்எஃப்-கப்பா-பி என்ற அழற்சிச் சமிக்ஞையை ஓயாமல் முடுக்குகிறது. கிருமியே இல்லாதபோதும் தோல் செல் அபாயக் குரல் எழுப்புகிறது. சிசிஎல்20 போன்ற வேதித்தூதுகளை வெளியிட்டு, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்களை வரவழைக்கிறது. டி செல்கள் சுரக்கும் ஐஎல்-17 என்ற அழற்சிப் புரதம் தோல் செல்லை மேலும் தூண்டுகிறது. ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கவேண்டிய மேல்தோல் புதுப்பிப்பு சில நாட்களிலேயே நடந்து, செதில்கள் குவிகின்றன.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இத்தகைய ஒற்றைப் பிழை அரிது. பெரும்பாலோருக்குப் பல மரபுக்கூறுகளோடு தொண்டைத் தொற்று, மன அழுத்தம் போன்றவையும் சேர்ந்தே நோயைக் கிளப்புகின்றன. எதனால் வந்தாலும், தொட்டால் இது ஒட்டாது.