ஐந்து மாதக் குழந்தைக்கு பிபி 131/94?

கேள்வி: என் மகனுக்கு ஐந்து மாதம் ஆகிறது. மாமனாருக்காக வாங்கிய பிபி மெஷினை ஒரு நாள் அவன் கையில் சுற்றிப் பார்த்தோம். இரண்டு தடவை ‘எரர்’ என்றது, மூன்றாவது தடவை 131/94 காட்டியது. பதறிப்போய் மறுநாள் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவன் தூங்கும்போது பார்த்துவிட்டு, 88/50, நார்மல்தான் என்று அனுப்பிவிட்டார்கள். 88 என்றால் ஆள் மயங்கி விழவேண்டுமே என்கிறார் மாமனார். எதை நம்புவது? குழந்தைகளுக்கென்றே பிபி மெஷின் இணையத்தில் விற்கிறார்களே, ஒன்று வாங்கி வைக்கலாமா?

குழந்தை நல மருத்துவர் பதில்:

88/50-ஐ நம்புங்கள். 131/94-ஐ மறந்துவிடுங்கள். மெஷின் வாங்காதீர்கள்.

மாமனார் சொல்வது அவர் வயதுக்குச் சரி. 120/80 என்பது வளர்ந்தவர்களுக்கான கணக்கு. உங்கள் மகனின் இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளுவது ஓரிரு தேக்கரண்டி ரத்தம்தான். ரத்தக் குழாய்களும் இளசு, போகவேண்டிய தூரமும் கொஞ்சம். அதற்குப் பெரிய அழுத்தம் எதற்கு? தேவைப்பட்டால் குழந்தையின் இதயம் வேகமாகத் துடித்து ஈடுகட்டிக்கொள்ளும். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு முதல் நாளில் மேல் எண் ஏறத்தாழ 60 முதல் 80-க்குள் இருக்கும். முதல் வாரத்தில் நாளுக்கு ஒன்றிரண்டு புள்ளி ஏறும், அப்புறம் மெதுவாகும். ஒரு மாதத்திலிருந்து ஒரு வயதுவரை மேல் எண் சுமார் 72 முதல் 104, கீழ் எண் 37 முதல் 56 வரை இருந்தால் நாங்கள் கவலைப்படுவதில்லை. உங்கள் மகனின் 88 அதில் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது.

சரி, 131 எங்கிருந்து வந்தது? அந்த மெஷின் ரத்த அழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. பட்டைக்குள் வரும் அதிர்வை வைத்து ஒரு கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு பெரியவர்களின் கைக்காக எழுதப்பட்டது. குழந்தை கையை உதறினாலும் அதை நாடித்துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு தடவை ‘எரர்’ சொன்னபோதுதான் அது உண்மை பேசியது! பெரியவர்களுக்கான அழுத்தத்துக்கு அது காற்றை ஏற்றும்போது அந்தச் சின்னக் கைக்கு எப்படி வலித்திருக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். இன்னொரு தடவை வேண்டாம்.

பட்டையின் அளவில்தான் பாதி விஷயம் இருக்கிறது. உள்ளே காற்று நிறையும் பையின் அகலம், மேல்கையின் சுற்றளவில் ஐந்தில் இரண்டு பங்காவது இருக்கவேண்டும். சிறிய பட்டையைக் கட்டினால் இல்லாத பிபி ஏறும், பெரிதைக் கட்டினால் இருக்கும் பிபி மறையும். அழுதால் ஏறும், பால் குடித்த கையோடு பார்த்தாலும் ஏறும். பால் குடித்து ஒன்றரை மணி நேரம் போகவேண்டும். வலது மேல்கையில் பட்டையைக் கட்டிவிட்டு, குழந்தை அடங்க கால் மணி நேரம் விட்டு, இரண்டு நிமிட இடைவெளியில் மூன்று தடவை பார்க்கவேண்டும். இதற்கெல்லாம் எந்த ஓபி-யில் நேரம் இருக்கிறது? ஒரே ஒரு பட்டையை வைத்துக்கொண்டு பிறந்த குழந்தையிலிருந்து பள்ளிப் பிள்ளைவரை எல்லோருக்கும் கட்டும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். எந்தக் கை, அழுததா தூங்கியதா என்று ஒரு வார்த்தை எழுதாமல் வெறும் எண்ணை மட்டும் சீட்டில் கிறுக்கி அனுப்புவார்கள். அதைப் பார்த்து நான் என்ன முடிவு செய்வது? உங்கள் டாக்டர் குழந்தை தூங்கும்வரை பொறுத்திருக்கிறார். அவரை விட்டுவிடாதீர்கள்.

இப்போது விற்பனைக்காரர்கள். குட்டிப் பட்டை ஒன்றைச் சேர்த்துக் கொடுத்துவிட்டால் மெஷின் குழந்தைகளுக்கானதாகிவிடாது. உள்ளே இருக்கும் கணக்கைக் கைக்குழந்தைகளிடம் சோதித்துச் சரிபார்த்திருக்கவேண்டும். வீட்டு மெஷின்களில் பெரும்பாலானவை அப்படிச் சோதிக்கப்பட்டவை அல்ல. காலில் மாட்டும் சென்சார் வைத்த சாக்ஸ் நாடியையும் ஆக்ஸிஜனையும் பார்ப்பதற்கு, பிபிக்கு அல்ல. செல்போன் கேமராவில் விரலை வைத்தால் பிபி சொல்லும் ஆப் என்றால் சிரித்துவிட்டு அழித்துவிடுங்கள். ‘குழந்தைக்கு முழு உடல் பரிசோதனை, பிபி இலவசம்’ என்று பேக்கேஜ் விற்க வருபவரை வாசலோடு அனுப்புங்கள்.

பணம் போவதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. கைக்குழந்தைக்கு உடம்புக்கு ரொம்ப முடியாமல் போனாலும் பிபி சீக்கிரம் விழாது. கடைசிவரை தாக்குப்பிடித்துவிட்டுத்தான் சரியும். குழந்தை பால் குடிக்காமல், எழுப்பினால் எழாமல், கைகால் சில்லிட்டு, வெகுநேரமாகச் சிறுநீர் போகாமல் கிடக்கும்போது, மெஷினில் 85 வருகிறதே என்று யாராவது காலைவரை காத்திருந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் எண்ணைத் தேடாதீர்கள், அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.

ஆரோக்கியமான குழந்தைக்கு வழக்கமாக பிபி பார்ப்பது மூன்று வயதிலிருந்துதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமியின் 2017 வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. ஆனால் நீங்கள் கடிதத்தில் எழுதாத ஒன்று இருக்கிறது. அவன் எத்தனை வாரத்தில் பிறந்தான்? 32 வாரத்துக்கு முன்பே பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தானா? அப்படியென்றால் நான் இவ்வளவு நேரம் சொன்ன தைரியத்தில் கொஞ்சத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அங்கே சில குழந்தைகளுக்குத் தொப்புள் வழியாகத் தமனிக்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி வைப்பார்கள். உயிரைக் காக்கும் குழாய்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதன் நுனியில் சின்ன ரத்தக்கட்டி உருவாகி, சிறுநீரகத்துக்குப் போகும் தமனியில் மாட்டிக்கொள்வது உண்டு. ரத்தம் குறைந்த சிறுநீரகம், உடம்பு முழுக்கவே அழுத்தம் போதவில்லை என்று தப்பாக எடுத்துக்கொண்டு, பிபியை ஏற்றும் பொருளைச் சுரக்கும். வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்துக்கூட இது தலைகாட்டலாம். வெளியே ஒன்றும் தெரியாது. பால் குடிக்கையில் வியர்ப்பது, மூச்சு வாங்குவது, எடை ஏறாமல் நிற்பது, அவ்வளவுதான். மருந்து கொடுத்தால் கட்டுப்படும், பல குழந்தைகளுக்கு நாளடைவில் மருந்தையே நிறுத்திவிடலாம். ஆனால் தேடினால்தானே தெரியும்? டிஸ்சார்ஜ் சம்மரியில் ஊசி மருந்துகளின் பெயர்களை இரண்டு பக்கம் அச்சடிப்பார்கள். இந்தக் குழாய் போட்டதை மட்டும் எழுத மறந்துவிடுவார்கள். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

ஃபைலை எடுத்துப் பாருங்கள். அதில் இல்லாவிட்டாலும் பிரசவம் பார்த்த இடத்தில் கேளுங்கள். அப்படிக் குறைமாதத்தில் பிறந்திருந்தாலோ குழாய் போட்டிருந்தாலோ, உங்கள் டாக்டரிடம் சொல்லி வேறுவேறு நாட்களில் மூன்று தடவை, இதேபோல் தூங்கும்போது பார்க்கச் சொல்லுங்கள். மூன்று தடவையும் அதே வயதுக் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரைவிடக் கூடுதலாக இருந்தால்தான் எங்கள் கணக்கில் அது உயர் ரத்த அழுத்தம். குறைமாதமும் இல்லை, குழாயும் இல்லை, இதயத்திலோ சிறுநீரகத்திலோ கோளாறும் இல்லை என்றால், அடுத்த பிபி அவனுக்கு மூன்று வயதில் பார்த்துக்கொள்ளலாம்.