அம்மாவுக்குப் பேதி நிற்கவில்லை, முகம் சூடாகிறது, ஐபிஎஸ் (IBS) என்ற குடல் கோளாறு என்கிறார்கள். நியூரோஎண்டோக்ரைன் கட்டியா (ஹார்மோன் சுரக்கும் செல்களில் வருகிற கட்டி) என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் டாக்டர் இல்லை, மலேசியாவின் பட்டர்வொர்த்தில் லாரி கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். ஏன் பயமுறுத்துகிறாய் என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேதி போகிற எல்லாருக்கும் கட்டி இல்லை, பெரும்பாலும் ஐபிஎஸ்தான். ஆனால் உங்கள் அம்மா நடுராத்திரியிலும் தூக்கம் கலைந்து ஓடுகிறார் என்றால் அதை டாக்டரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

எங்களுக்கு மூன்று வருஷம் வீணாகப் போனது. போன இடமெல்லாம் "முகம் சிவக்குமா?" என்று கேட்டார்கள், அம்மா இல்லை என்றார். அம்மா நல்ல கறுப்பு, எங்கே சிவக்கிறது? காது மடலைத் தொட்டால் இஸ்திரிப்பெட்டி மாதிரி கொதிக்கும், அவ்வளவுதான். மாதவிடாய் நின்ற கோளாறு என்று மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மாதான் "சூடு வரும்போது வியர்க்குமாம்மா?" என்று கேட்டார். ஒரு துளி வியர்க்காது. வியர்க்காத சூடு மாதவிடாய் நின்ற கோளாறு மாதிரி இல்லை, அங்கேதான் கதை மாறியது.

24 மணி நேரச் சிறுநீரில் 5-எச்ஐஏஏ (கட்டி சுரக்கிற செரோடோனின் உடைந்து வருவது) பார்க்க ஆசிட் ஊற்றிய பெரிய போத்தல் கொடுத்தார்கள். "தோசை மாவு இருக்கிற ஐஸ்பெட்டியில் இதையா வைப்பே?" என்று அம்மா ஒரே பிடிவாதம், அப்புறம் குளியலறையில் வாளி நிறைய ஐஸ். அளவு கூடுதலாக வந்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், முதல் நாள் அப்பா வாங்கி வந்த பிசாங் கோரேங், அதாவது வாழைப்பழ பஜ்ஜி! வாழைப்பழமே அந்த அளவை ஏற்றிவிடுமாம். திரும்ப எடுத்தோம், அப்போதும் கூடுதல்தான்.

சிடி ஸ்கேனில் கல்லீரலில் புள்ளிகள். சிறுகுடல் கட்டி சுரக்கிறதைக் கல்லீரல் உடைத்துவிடும், அதனால் சூடு, பேதி எல்லாம் பெரும்பாலும் அங்கே பரவிய பிறகுதான் தெரியும் என்றார்கள். அந்த மூன்று வருஷம் இன்னும் உறுத்துகிறது. அப்புறம் இந்தக் கட்டி எங்கெங்கே இருக்கிறது என்று காட்டுகிற காலியம்-68 பெட் ஸ்கேன், பயாப்சி. செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டுகிற கேஐ-67 3%க்குக் கீழே, முதல் கிரேடு, மெதுவாக வளர்கிறது. இப்போது நாலு வாரத்துக்கு ஒருமுறை ஊசி.

  

உங்கள் அம்மா நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல் எடுக்கிறார் என்றால் அதையும் சொல்லுங்கள், இந்தக் கட்டிக்குப் பார்க்கிற குரோமோகிரானின் இரத்தப் பரிசோதனையை அது கெடுக்கும். சிறுநீர் எடுக்க மூன்று நாள் முன்பிருந்தே வாழைப்பழம், அன்னாசி, தக்காளி வேண்டாம். பினாங்கு என்றால் ரோஜாக் என்கிற பழக் கலவையும் வேண்டாம், அதில் அன்னாசி இருக்கிறது.