மருத்துவமனை நிர்வாகத்துக்குத் தனிப் படிப்பு எதற்கு?

மருத்துவமனை நிர்வாகி மருந்து எழுதுபவர் அல்லர். மருந்தும் படுக்கையும் செவிலியரும் வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்பவர். கல்யாண வீட்டில் சமையல்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், இலை வரவில்லை என்றால் பந்தி நின்றுவிடும். மருத்துவர் தயாராக இருந்தும், கிருமி நீக்கிய கருவித் தட்டு வந்து சேராததால் வெறும் வயிற்றோடு ஸ்ட்ரெச்சரில் நோயாளி காத்துக் கிடப்பதும் அப்படித்தான். அந்தக் காத்திருப்பு கொடுமையானது. அதைத் தடுப்பது தனித் திறமை; அதனால்தான் தனிப் படிப்பு.

சிகாகோ பல்கலைக்கழகம் 1934-லேயே இதற்கு முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. பிரான்சில் அரசு மருத்துவமனை இயக்குநராக விரும்புவோர் போட்டித் தேர்வில் வென்று, ரென் நகரில் சம்பளத்தோடு பயிற்சி பெறுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

டாக்டர்கள் மட்டுமே இதைப் படிக்கலாம் என்பது தவறான எண்ணம்: டெல்லி எய்ம்ஸ் எம்.பி.பி.எஸ். கேட்கிறது, மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனமோ எந்தப் பட்டதாரியையும் ஏற்கிறது.