கேள்வி – பதில்: லினோ அச்சில் வெள்ளைக் கோடு

கேள்வி: பொங்கல் வாழ்த்து அட்டைக்காக முக்கோணமும் சதுரமுமாக லினோ அச்சு (லினோலியம் தகட்டில் செதுக்கி, மை தடவித் தாளில் பதிப்பது) போடுகிறேன். நிறத்துக்கு ஒரு பிளாக், அதாவது செதுக்கிய தகடு. மஞ்சள் நன்றாக விழுந்தது. நான்கு நாள் கழித்து நீலம் போட்டால், ஓரிடத்தில் இரண்டு நிறத்துக்கும் நடுவே வெள்ளைக் கோடு. வேறிடத்தில் மஞ்சள்மேல் நீலம் ஏறிப் பச்சைக் கோடு. தப்பாகச் செதுக்கிவிட்டேனா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: முதலில் ஸ்கேலை வைத்து நான்கு மூலையிலும் நீலம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். எங்கும் ஒரே அளவு, ஒரே பக்கம் என்றால் பிளாக் வைத்த இடம் தவறு. தாளுக்குத் தாள் மாறினால், தாள் வைப்பதில் தடுமாற்றம். பலகையில் எல் வடிவச் சட்டம் ஒட்டி, எப்போதும் தாளின் அதே இரண்டு ஓரங்களை அதில் முட்டவையுங்கள். சட்டத்தருகே சரியாக இருந்து, தள்ளிப் போகப் போக விலகல் கூடுகிறதா? அப்படியானால் தாளே விரிந்திருக்கிறது.

இதுதான் காரணம் என்று நினைக்கிறோம். தமிழ்நாட்டில் தை பிறப்பது பனியில். டர்பனில் நல்ல புழுக்கத்தில். தாளின் நார் ஈரத்தைக் குடித்தால் நீளவாட்டில் அதிகம் நீளாது, குறுக்குவாட்டில் பருத்துவிடும். அரை மில்லிமீட்டர் போதும், முக்கோணத்தின் முனை காட்டிக்கொடுத்துவிடும். பூவும் இலையும் என்றால் கண்ணுக்கே தெரியாது.

தாளை லேசாக வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும்போது மடிப்பு விழும் திசைதான் நார் ஓடும் திசை. எல்லாத் தாளையும் அதே வாட்டத்தில் வெட்டி, அச்சிடும் அறையிலேயே ஒரு நாள் தொங்கவிடுங்கள். மஞ்சள் கையில் ஒட்டாத அளவு காய்ந்ததும் அடுக்கி, அடுத்த நிறம் வரை பிளாஸ்டிக் பையில் மூடிவையுங்கள். அவசரம் வேண்டாம்: எண்ணெய் மை புழுக்கத்தில் மெதுவாகத்தான் காயும். காயாத மஞ்சள்மேல் நீலம் போட்டால் மஞ்சள் பெயர்ந்து பிளாக்கில் ஏறும்.

இப்போது கையிலுள்ள தாள்களைக் காப்பாற்ற, நீல வடிவத்தை ஒரு மில்லிமீட்டர் பெரிதாக்கிப் புது பிளாக் செதுக்குங்கள். வெள்ளைக் கோடு மறையும், பச்சைக் கோடு எங்கும் வரும். அதை மறைக்க நீலத்தில் வெள்ளை கலக்கலாம், நீலம் வெளிறிப்போகும். அதைவிட, நீலத்தை எட்டு மில்லிமீட்டர் துணிந்து ஏற்றிவிடுங்கள். கோடாக இருந்தவரை பிழை. பட்டையானதும் அது நீங்கள் செதுக்காமலே கிடைத்த மூன்றாவது வடிவம். எலுமிச்சை மஞ்சள்மேல் தாலோ என்ற நீல மை தெளிந்த பச்சை தரும். அல்ட்ராமரீன் என்ற நீலத்தில் சிவப்புச் சாயல் உண்டு, பச்சை மங்கும். தாலோவுக்கு வீரியம் அதிகம்: ஒரு பங்கு மைக்குப் பத்துப் பங்கு டிரான்ஸ்பரன்ட் பேஸில் (மையை வெளிறாமல் கண்ணாடிபோல் ஆக்கும் நிறமற்ற கலவை) தொடங்குங்கள்.

கேள்வி: ஒரே டப்பாச் சாம்பல் நிறம், மஞ்சள் சதுரத்துக்குள் ஊதாவாகவும் நீலத்துக்குள் ஆரஞ்சாகவும் தெரிகிறதே?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: மையில் குறையில்லை. சூழ்ந்த நிறத்தின் எதிர்நிறத்தைக் கண் நடுவில் சேர்த்துப் பார்க்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரெல் 1839இலேயே இதை விளக்கினார். ஓவியர் ஜோசஃப் ஆல்பர்ஸ் 1950 முதல் சதுரத்துக்குள் சதுரமாக வரைந்து இதையே ஆராய்ந்தார். வெள்ளை அட்டையில் இரண்டு துளை போட்டு, சாம்பல் மட்டும் தெரியும்படி மேலே வையுங்கள், இரண்டும் ஒன்றே. ஒன்றுபோலத் தோன்ற வேண்டுமானால், மஞ்சளுக்குள் போகும் சாம்பலில் கத்தி முனையளவு மஞ்சள் கலந்து சோதித்துப் பாருங்கள்.