பாட்டில் பாக்டீரியா ஊற்றியும் அமோனியா குறையவில்லையா?

வணக்கம். புது இரண்டடி மீன் தொட்டியில், மீன் கழிவில் வரும் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா திரவத்தைப் பாதி பாட்டில் ஊற்றி ஒரு வாரமாகியும் அமோனியா அப்படியே நிற்கிறது, மீதியை ஃப்ரீசரில் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம், உறைந்தால் பாக்டீரியா செத்துவிடும். லேபிளில் வேறு மாதிரி சொல்லாதவரை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு போதும். சமையலறை ஜன்னலோரம் வெயில் படும்படி இருந்தது என்கிறீர்கள். நம் ஊர் வெக்கையில் அதில் பாதிக்கு மேல் போயிருக்கலாம்.

ஆனால் எனக்குச் சந்தேகம் தண்ணீர் மேல்தான். குழாய்த் தண்ணீரை வாளியில் ஒரு ராத்திரி வைத்து ஊற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். குளோரின் என்றால் அப்படிப் பறந்துவிடும். சிங்கப்பூரில் தண்ணீர் வாரியமான பியுபி சேர்ப்பது குளோராமின், அதாவது குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது, அது லேசில் போகாது, நீங்கள் ஊற்றிய பாக்டீரியாவைத்தான் கொல்லும். குளோராமினுக்கும் சேர்த்து வேலை செய்யும் டீகுளோரினேட்டர் (குளோரின் நீக்கும் திரவம்) வாங்குங்கள். அது குளோராமினை உடைக்கும்போது கொஞ்சம் அமோனியா வெளியாகும், அந்த ரீடிங்கைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

அப்புறம், கிருமி கொல்லும் யுவி விளக்கு இருந்தால் அணைத்துவிட்டு, பாட்டிலை நன்றாகக் குலுக்கி ஃபில்டர் ஸ்பாஞ்ச் மேலேயே ஊற்றுங்கள். காற்று பம்ப் இரவும் பகலும் ஓடட்டும். புது பாட்டில் எடுப்பதானால் காலாவதித் தேதி பாருங்கள், கடையில் வெயில் படும் அலமாரியில் இருந்ததைத் தொடாதீர்கள்.

பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாகி, நைட்ரேட் தெரியும்வரை மீன் வாங்காதீர்கள், பாவம் அவை. தண்ணீரின் பிஎச் (அமிலத்தன்மை அளவு) எவ்வளவு? 6.5-க்குக் கீழே இருந்தால் பாக்டீரியா மந்தமாகிவிடும், சொல்லுங்கள்.